சேலத்துக் கோடையில் வீட்டுப் பூச்சிகள்: பார்த்த பிறகு மருந்து, அதுவும் கடைசியில்

சேலத்தில் தை பிறந்தது முதல் கோடை மழை இறங்கும் வரை வானம் ஏறக்குறைய வறண்டே கிடக்கும். அந்த மாதங்களில் வீட்டுக்குள் நுழையும் பூச்சிகளில் பாதிக்கு மேல் சோற்றுக்காக வருவதில்லை. ஈரத்துக்காகவும் நிழலுக்காகவும் வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் வேலையின் வரிசை தானாக அமைந்துவிடும்: முதலில் பார்ப்பது, பிறகு ஈரத்தை நிறுத்துவது, பிறகு வழியை அடைப்பது, கடைசியில் மருந்து.

புதிதாகக் குடிவருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சாமான் இறக்கிய அன்றே ஸ்பிரே டப்பா காலியாகிவிடும். கரப்பான்கள் நான்கு நாள் கண்ணில் படாது. பிறகு பக்கத்து அறையிலிருந்து வரத் தொடங்கும். அடித்த மருந்தின் வாடை போகும்வரை பொறியும் வேலை செய்யாது, தின்ன வைக்கும் மருந்தும் வேலை செய்யாது.

1. கையில் இருக்க வேண்டியவை

நல்ல டார்ச் ஒன்று, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு, கரப்பான் ஒட்டுப்பொறி அட்டை ஐந்தாறு, வெள்ளை சிமெண்ட் ஒரு கிலோ, எம்-சீல், கம்பிநார், கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டை, சாக்கடைத் துளைகளுக்கு ஸ்டீல் சல்லடை, பழைய பல்துலக்கி. ஊருக்கு வெளியே, கரட்டுப் பக்கமாகவோ காலி மனைகளை ஒட்டியோ வீடு இருந்தால் புறஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பதைத் தேள் பகுதியில் சொல்கிறேன்.

மருந்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. எந்தப் பூச்சி என்று தெரியாமல் வாங்கும் மருந்து பெரும்பாலும் தவறான மருந்தாகவே அமைகிறது.

2. இரவில் ஒரு சுற்று

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் முகப்பில் சிவப்புத்தாளைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போங்கள். கரப்பானுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சத்தில் ஓடிவிடும். சிவப்பில் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது எண்ணிக்கையல்ல, வழி.

பார்க்க வேண்டிய இடங்கள்: கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தண்ணீர்த் தட்டு, கேஸ் சிலிண்டரின் அடிவளையம், அலமாரிக் கதவுக் கீல், மிக்ஸியின் அடிப்பாகம். மண்பானை வைத்திருப்பவர்கள் பானையைத் தூக்கி அதன் அடியில் இருக்கும் மணலைக் கிளறிப் பாருங்கள். சித்திரை மாதத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். பூரானும் கரப்பான் குஞ்சும் அங்கே இருக்கும்.

மறுநாள் ஒட்டுப்பொறிகளைச் சுவரை ஒட்டி வையுங்கள். பூச்சிகள் சுவரோரமாகவே நடக்கும் என்பதால் அறை நடுவில் வைத்த பொறியில் தூசிதான் ஒட்டும். எந்தப் பொறியில் அதிகம் சிக்குகிறதோ, கூடு அதற்குப் பக்கத்தில்.

3. ஆளை அடையாளம் காணுதல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பெயர் தவறினால் மற்ற எல்லாமே வீண்.

கரப்பானில் நமக்குத் தேவை இரண்டு வகை. ஒன்று கட்டைவிரல் நீளம், சுமார் 4 சென்டிமீட்டர், செம்பழுப்பு நிறம். இது சாக்கடையில் வாழ்வது, வீட்டுக்கு விருந்தாளி. வழியை அடைத்தால் வராது. மற்றொன்று ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு, வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். இது வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாவது. பெண் பூச்சி முட்டைப் பையை வாலில் சுமந்துகொண்டே திரியும். ஒரு பையில் 30 முதல் 40 முட்டை வரை இருக்கும். இந்தச் சின்னது பெரும்பாலும் நாமே கொண்டுவருவதுதான்: மளிகைக் கடை அட்டைப்பெட்டி, பழைய ஃபிரிட்ஜ், குடிபெயர்ந்த வீட்டின் சாமான் மூட்டை. பெரிய கரப்பானுக்கு நடுவீட்டில் மருந்து வைப்பதும், சின்னதற்குச் சாக்கடையில் மருந்து ஊற்றுவதும் நான் அடிக்கடி பார்க்கும் வீண்செலவுகள்.

அடுத்த குழப்பம் கறையானும் உளுவும். சுவரில், நிலைக்கதவில், மண்ணால் பூசிய கோடு ஏறினால் அது கறையான். கட்டில் காலுக்கு அடியில் கோதுமை மாவு போன்ற பொடி கொட்டி, மரத்தில் குண்டூசி முனை அளவு துளைகள் தெரிந்தால் அது உளு வண்டு. மண்ணிலிருந்து வரும் கறையானுக்கு மண்ணில்தான் மருத்துவம். உளுவுக்கு அந்த மரச்சாமானில் மட்டும். ஒரு கட்டிலில் உளுத்ததற்காக வீடு முழுக்கத் தரையைத் துளைத்த குடும்பங்கள் உண்டு.

மண்கோட்டைக் கண்டதும் முழுவதையும் சுரண்டித் துடைத்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைந்த இடத்தில் ஈரமான புது மண் பூசியிருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது. காய்ந்தபடியே இருந்தால் அது பழைய பாதையாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல் வெளியிலிருந்து வந்தால் கவலை வேண்டாம், ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தால் போதும். வீட்டுக்குள்ளே சுவர் வெடிப்பிலிருந்தோ நிலைக்கதவிலிருந்தோ கிளம்பினால்தான் ஆபத்து. இறக்கை முளைத்த எறும்பையும் ஈசல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடிமன். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு நூலாக ஒட்டியிருக்கும்.

தேளிலும் இரண்டு வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரிய, பெரிய, முன்கொடுக்கு (முன்னால் நீட்டும் இடுக்கி) பருத்த நட்டுவாக்காலியைப் பார்த்தால் எல்லோரும் அலறுகிறார்கள். அது கொட்டினால் வலி கடுமை, ஆனால் உயிருக்கு ஆபத்து அரிது. பயப்பட வேண்டியது சின்னச் செந்தேளுக்கு. முன்கொடுக்கு மெலிந்து, வால் பருத்து, பழுப்புச் சிவப்பாக இருக்கும். முன்கொடுக்கு மெலிந்திருந்தால் விஷம் வாலில் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறஊதா டார்ச்சை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த வெளிச்சத்தில் தேளின் உடல் பசுநீலமாக ஒளிரும். இருட்டியபின் சுற்றுச்சுவரையும், செங்கல் அடுக்கையும், துணி துவைக்கும் கல்லின் அடியையும் ஒரு முறை அடித்துப் பார்த்தால் பகலில் ஒரு வாரம் தேடினாலும் கிடைக்காதது தெரிந்துவிடும். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது.

எறும்பைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: சின்ன மஞ்சள் நிற எறும்புக்கு ஸ்பிரே அடிக்காதீர்கள். அதன் கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து பட்டதும் கூட்டம் பிரிந்து புது இடங்களில் குடியேறும். ஓர் இடத்தில் இருந்த தொல்லை நான்கு இடமாகிவிடும்.

பல்லியை விட்டுவிடுங்கள். அது நம் பக்கத்து ஆள்.

4. ஈரத்தை நிறுத்துதல்

கரப்பான் சோறில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்கும். தண்ணீரில்லாமல் ஓரிரு வாரம்தான். கரப்பான் குறைந்தால் அதைத் தின்ன வரும் தேளும் குறையும். அதனால்தான் சுத்தம் செய்வதற்கும் முன்பாக ஈரத்தைச் சொல்கிறேன்.

முதல் வேலை குளியலறை நானி டிராப். சாக்கடைக் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் கதவு. சேலத்து வெயிலில் புழங்காத குளியலறையில் அது சில வாரங்களில் வற்றிவிடும். கதவு திறந்த மாதிரிதான். மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் மினுங்க வேண்டும். மினுங்கவில்லையென்றால் ஒரு குவளை ஊற்றுங்கள், வாரம் ஒரு முறை ஊற்றிக்கொண்டே இருங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதானால் தண்ணீருக்கு மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்று நீர் ஆவியாவதைத் தடுக்கும். வாஷிங் மெஷின் பக்கம், மொட்டை மாடி, வராந்தா என்று நாம் மறந்துவிட்ட துளைகள் எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

அடுத்தது ஒழுகும் குழாய் வாஷர், ஃபிரிட்ஜ் தட்டு, இரவில் ஊறப்போட்ட பாத்திரம். மண்பானைக்கு அடியில் மணலுக்குப் பதில் இரும்பு வளையம் வையுங்கள். மணல்தான் வேண்டுமென்றால் வாரம் ஒரு முறை வெயிலில் கொட்டிக் காயவிடுங்கள்.

இனி சேமித்து வைக்கும் தண்ணீர். நம் ஊரில் மேட்டூர் தண்ணீர் தினமும் வருவதில்லை. டிரம், தொட்டி, குடம் இல்லாத வீடு கிடையாது. பகலில் கடிக்கும், கால்களில் வெள்ளை வளையம் போட்ட டெங்கு கொசு இந்தச் சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். அதன் முட்டை நீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது; மீண்டும் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பது பயனில்லாத வேலை. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்து, பிறகு பிடியுங்கள். நம் வெயிலில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால் இதை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் செய்ய வேண்டும். ஏர் கூலர் தொட்டிக்கும் பூந்தொட்டித் தட்டுக்கும் இதே விதி. சம்ப்பின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். மூடி மட்டும் போதாது.

5. வழியை அடைத்தல்

வீட்டுக்குள் விளக்கை அணைத்து, ஒருவர் வாசலுக்கு வெளியே நின்று கதவடியில் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் எங்கெல்லாம் உள்ளே வருகிறதோ அங்கெல்லாம் தேளும் வரும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சில் நுழையும் அளவு. கதவடி ரப்பர் தரையை உரச வேண்டும். அழகுக்காக மேலே தூக்கி ஒட்டினால் ஒட்டாததற்குச் சமம்.

கழுவுதொட்டிக் குழாயைச் சுற்றிய ஓட்டையில் செய்தித்தாளைத் திணிப்பது பெரிய பிழை. நனைந்த காகிதம் கரப்பானுக்குப் பிரசவ அறை. கம்பிநாரைத் திணித்து மேலே வெள்ளை சிமெண்ட் பூசுங்கள். கம்பிநாரை எலி கடிக்காது, சிமெண்டை மட்டும் போட்டால் சுரண்டிவிடும்.

சின்னக் கரப்பான் இருக்கும் வீட்டில் அலமாரி வெடிப்புகளை இப்போதே அடைக்க வேண்டாம். மருந்தைத் தின்ன அவை வெளியே வர வேண்டும். அந்த வெடிப்புகளை மட்டும் 7-ஆம் படிக்குப் பிறகு அடையுங்கள்.

சேலத்தின் நெசவுப் பகுதிகளான குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் தறி இருக்கும் வீடுகளில் குழித்தறியின் குழியும் ஒரு வழிதான். குளிர்ச்சி, இருட்டு, பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி உணவு, கரப்பானுக்கும் உணவு. அவற்றைத் தேடித் தேளும் இறங்கும். குழியின் பக்கச் சுவரைச் சிமெண்டால் பூசி, காலை இறக்குமுன் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். தறி நின்றிருக்கும் நாட்களில் குழியைப் பலகையால் மூடுங்கள்.

வெளியே செங்கல், ஓடு, விறகு, தென்னை மட்டை எதையும் வீட்டுச் சுவரில் சாய்க்காதீர்கள். நான்கடி தள்ளி, தரையில் படாமல் கல் மேல் அடுக்குங்கள். மரம் மண்ணைத் தொட்டால் கறையானுக்கும் அழைப்புத்தான்.

6. மளிகையும் துணியும்

அரிசி வண்டு வெளியிலிருந்து பறந்து வந்து ஏறுவது குறைவு. பெரும்பாலும் மூட்டையோடு வருகிறது. முட்டை அரிசிக்குள்ளேயே இருக்கும். லீ பஜாரில் மொத்தமாக வாங்குபவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் கோடையில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வெயில் ஏற ஏற வண்டு பெருகும் வேகமும் கூடும். புது அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டாதீர்கள். டப்பாவைக் கழுவி முழுதாகக் காய்ந்த பிறகே நிரப்புங்கள்.

ரவை, மைதா போன்றவற்றை வாங்கியதும் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். பயறு வகைக்கு நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் தடவியதில் நியாயம் இருக்கிறது: எண்ணெய்ப் பூச்சில் வண்டின் முட்டை தங்காது, இட்டாலும் பொரிக்காது. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவதைத் தடுக்க மாட்டேன். அதை மட்டும் நம்பாதீர்கள். அரிசி டிரம்முக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பொறி நல்லது. காற்றோட்டத்தைத் தேடி வண்டு துளைக்குள் நுழைந்து கீழே உள்ள கூம்பில் விழும், திரும்ப ஏற முடியாது.

நெல் மூட்டைக்கு வைக்கும் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அது விடும் வாயு தூக்கத்திலேயே குடும்பத்தைக் கொன்றுவிடும்.

பட்டுச் சேலையைக் கஞ்சி போட்ட பருத்தியோடு அடுக்காதீர்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் நேரடியாகப் படக் கூடாது. துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். பச்சிளங் குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் அந்த உருண்டையே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அந்த வாடை இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும்.

7. இப்போது மருந்து

சின்னக் கரப்பானுக்கு ஜெல் மருந்து. கடுகளவுப் பொட்டாக, பல இடங்களில், கீல், இழுப்பறை மூலை, ஃபிரிட்ஜ் ரப்பர் ஓரம் என்று வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைத்தால் காய்ந்து ஓடாகும். வைத்தபின் அந்தப் பக்கம் ஸ்பிரேயோ ஃபினாயிலோ படக் கூடாது. வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் வையுங்கள், ஏனென்றால் முட்டைப் பைக்குள் இருந்தவை அப்போதுதான் வெளியே வந்திருக்கும். இரண்டாம் முறையை விட்டுவிடுவதால்தான் "மருந்து பிடிக்கவில்லை" என்ற புகார் வருகிறது.

எறும்புக்குப் போரிக் அமிலம். கேரம் போர்டில் தூவும் அதே பவுடர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி பவுடர். அதிகம் போடத் தோன்றும், போடாதீர்கள். கடுமையாக இருந்தால் எறும்பு வழியிலேயே சாகும். கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கு ஊட்ட வேண்டும் என்பதுதான் நம் நோக்கம். பஞ்சில் நனைத்து எறும்புச் சாரைக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் கூட்டம் பெருகும். பதறித் துடைத்துவிட வேண்டாம். குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடமாக இருக்கட்டும், டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

எலிக்குப் பொறி மட்டும். பொறியை ஓரிரு நாள் பூட்டாமல் தேங்காய்ச் சில்லு வைத்துப் பழக்கி, பிறகு பூட்டுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு முறிவு மருந்தே கிடையாது, ஈரலைத் தின்றுவிடும். யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

8. கறையானுக்கு ஆள் வரும்போது

மண்ணெண்ணெய் ஊற்றுவதும் மேலே மட்டும் ஸ்பிரே அடிப்பதும் கண்ணில் படுவதைக் கொல்லும். ராணி வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் இருக்கிறது. இந்த ஒரு வேலையை மட்டும் உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. அதன்படி சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு துளை போட்டு மண்ணுக்குள் மருந்தைச் செலுத்த வேண்டும். வருபவர் மூன்றடிக்கு ஒன்று போட்டால் நிறுத்துங்கள். மருந்துப் புட்டி உங்கள் முன் திறக்கப்பட வேண்டும், கலக்கும் அளவு புட்டியின் சீட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். வீட்டில் கிணறோ போரோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதை ஒட்டி மருந்து இறங்கக் கூடாது.

9. தேள் கொட்டினால்

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கொட்டிய இடத்தைக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். குழந்தையாக இருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பெரியவர்களுக்கும் வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கைகால் சில்லிடுவது, மூச்சிரைப்பு இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். செந்தேள் விஷத்துக்குப் பிரசோசின் மாத்திரை இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் இதயத்தைக் காப்பாற்றும், மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். மந்திரிக்கக் கூட்டிப்போகும் அரை மணி நேரம்தான் பல இடங்களில் வினையாகிறது.

10. ஏற்காட்டில் வீடு இருந்தால்

மலை ஏறியதும் வரிசை கொஞ்சம் மாறும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பூச்சிக்கு ஈரம் எங்கும் கிடைக்கும். அதை ஒழுகும் குழாயில் தேடிப் பயனில்லை. காப்பித் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் முதல் வேலை காற்றோட்டம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், வெயில் அடிக்கும் நாளில் கதவுகளைத் திறந்து போடுங்கள், புத்தகத்தைக் கீழ்த்தட்டில் அடுக்காதீர்கள். ராமபாணமும் மரவட்டையும் மரத்தரை உளுப்பும்தான் அங்கே தொல்லை. மரவட்டைக்கு மருந்து தேவையில்லை, முறத்தில் வாரி வெளியே கொட்டினால் போதும்.

வார இறுதிக்கு மட்டும் திறக்கும் வீடானால், பூட்டிவிட்டு இறங்குமுன் நானி டிராப்பில் எண்ணெய் விடுவது, மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவது, குப்பையைக் கையோடு எடுத்து வருவது என்ற மூன்றையும் சாவி கொடுக்கும் காவல்காரரிடமும் சொல்லி வையுங்கள்.